துரையின் தேயிலைக்கு விழுந்த கவ்வாத்து

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு அந்த வில்லாவைப் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியை கேட்டபோது, முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

"அக்கா, போன கிழமை பிள்ளையளை அங்கை கூட்டிக்கொண்டு போனனாங்கள். இலங்கையிலை தேயிலைத் தோட்டம் வைச்சிருந்த துரையின்ரை வீடு எண்டு சொல்லிச்சினம். நீங்கள் அங்கைதானே இவ்வளவு காலமும் வேலை செய்தனீங்கள். உங்களை விட ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு எழுத வராது."

"கதைக்கவும் மாட்டியள், எழுதவும் மாட்டியள். பின்னை என்னதான் செய்வியள்?" என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து போனதால், வயது வருவதற்கு முன்பே ஓய்வூதியத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். ஆனாலும் அங்கே நடந்த ஒன்றை நான் சொல்லாவிட்டால், தமிழில் சொல்வதற்கு வேறு ஆளில்லை என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

வில்லா ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே, ரைன் ஆற்றைப் பார்த்தபடி ஒரு மேட்டில் இருக்கிறது. கட்டியவர் பெயர் ரைமெர்ஷோஃப். அவருடைய வாழ்க்கை வரலாறு எனக்கு மனப்பாடம். நான் படித்து அறிந்ததல்ல. அந்த வீட்டில் முதலில் நான் துப்புரவு வேலைதான் செய்தேன். பார்வையாளர்களைக் கூட்டிவரும் வழிகாட்டி ஒவ்வோர் அறையிலும் நின்று சொல்வதை, கையில் தூசித்துணியோடு சுவரோரமாக ஒதுங்கி நின்று கேட்டதுதான்.

இளம் வயதில் ஒரு வியாபாரியிடம் எழுத்தராகச் சேர்ந்து கொழும்புக்குக் கப்பல் ஏறினாராம். கோப்பிச் செடிகளுக்கு நோய் வந்து, பலரும் தோட்டங்களைக் கைவிட்டு ஓடிய காலம் அது. அப்படிக் கைவிட்ட தோட்டம் ஒன்றை மலையில் வாங்கினாராம். காட்டை அழித்தாராம், தேயிலை நட்டாராம், தொழிற்சாலை கட்டினாராம். எல்லாவற்றையும் அவரே செய்ததாகத்தான் வழிகாட்டி சொல்வார். அந்த மனிதர் தன் கையால் ஒரு குழி வெட்டியிருப்பார் என்று நான் நம்பவில்லை. வெட்டியவர்களைப் பற்றிய பேச்சு, இரண்டாம் அறையிலிருந்து மூன்றாம் அறைக்குப் போகும் படிக்கட்டில் வரும். ஏறிக்கொண்டே சொல்லி முடித்துவிடுவார்கள்.

வயதான பிறகு ஜெர்மனிக்குத் திரும்பி இந்த வீட்டைக் கட்டினார். கண்ணாடியால் ஒரு பனைவீடு கட்டி, வெப்பநாட்டு மரங்களை வளர்த்தார். ஊருக்கு ஒரு சிறுவர் பள்ளியும் ஒரு நீரூற்றும் கொடுத்தார். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தேயிலைச் செடிகளில் ஒன்று பிழைத்தது. அதை ஓக் மரத் தொட்டியில் வைத்து, தன் வம்சம் இருக்கும்வரை அதைக் காப்பாற்ற வேண்டும் என்று உயிலில் எழுதிவிட்டுப் போனார். இன்று அந்த வீட்டை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. தலைவர் அவருடைய கொள்ளுப்பேரன்.

துப்புரவு மருந்து என் கைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோல் உரிந்தது. அப்போதுதான் தோட்டப் பகுதி மேலாளர் ஹெர் கெசெல் என்னைத் தன் பக்கம் கேட்டு வாங்கினார். "இவர் கதைப்பதில்லை. செடிகளுக்கு அது நல்லது" என்று மற்றவர்களிடம் சொன்னாராம். என் வாழ்க்கையில் என் கூச்சத்துக்காக எனக்கு வேலை கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

கெசெலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த, உயர்ந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு செடியை வெட்டியதும் கத்திரியை மதுசாரத்தில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொடுவார். நாமும் அப்படியே செய்ய வேண்டும். துடைக்காமல் நகர்ந்தால் திட்டமாட்டார். பக்கத்தில் வந்து நின்று, நாம் துடைக்கும்வரை கத்திரியையே பார்த்துக்கொண்டிருப்பார். பிழை செய்தவரிடம் "நீ" என்று சொல்லமாட்டார். "நாங்கள் இப்படித் தண்ணீர் ஊற்றுவதில்லை" என்பார். "நாங்கள் இந்தக் கதவைத் திறந்து வைப்பதில்லை" என்பார். ஆரம்பத்தில் அது பெரிய மரியாதையாக எனக்குத் தெரிந்தது. ஊரில் எந்த மேலாளர் என்னையும் சேர்த்து "நாங்கள்" என்றார்?

வருடத்தில் பெரிய வேலை, தொட்டிகளை வெளியே எடுப்பதும் உள்ளே கொண்டுபோவதும். மே மாதத்துக் கடைசிக் குளிர் போன பின் எடுப்போம். ஒக்டோபரில் முதல் உறைபனிக்கு முன் உள்ளே வைப்போம். உள்ளே வைப்பதற்கு முன் ஒவ்வோர் இலையின் அடியையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, செதில் பூச்சிகளை விரல் நகத்தால் சுரண்ட வேண்டும். அரளி போன்ற செடிகளைக் குறுக்கி வெட்ட வேண்டும். பிறகு தொட்டியின் இருபுறமும் பட்டி போட்டு, இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்க வேண்டும். என் முழங்கால்கள் போனது அந்தத் தொட்டிகளில்தான்.

எங்கள் சனத்துக்கு அந்தப் பனைவீடு வேறு விதத்தில் பழக்கம். யாருக்காவது கலியாணம் என்றால் எனக்குத் தொலைபேசி வரும். "அக்கா, துரை வீட்டு வாழை ரெண்டு குலை போட்டிருக்காமே? வாசலிலை கட்ட வெட்டித் தாங்கோவன்." ஏலாது என்றால், "உங்கடை அப்பாவின்ரை வளவே, இப்பிடிக் காக்கிறியள்?" என்று கேட்பார்கள்.

செல்வராஜ் வந்தது என் வேலைக் காலத்தின் கடைசிப் பகுதியில். எங்களைப் போல இலங்கையின் வடக்கைச் சேர்ந்தவர் அல்ல, ஹட்டன் பக்கத்து மலையகத்தவர். தோட்டத்தில் பிறந்து, கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். கவ்வாத்து என்றால், சில வருடங்களுக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. அப்போதுதான் புதுக் கொழுந்து அடிக்கும். ஏதோ சந்தேகத்தில் பிடித்து அடைத்து, பின் விட்டு, மறுபடி தேடியதில் அவர் நாட்டை விட்டு ஓடிவந்தார். ஜெர்மனியில் அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். திருப்பி அனுப்புவதைத் தள்ளிப்போடும் டுல்டுங் என்ற கடதாசிதான் கையில் இருந்தது. நிலையான வேலை இருந்து, இன்னும் ஒரு குளிர்காலம் அது பறிபோகாமல் இருந்தால், வதிவிட உரிமை கேட்கலாம், மனைவியையும் மகளையும் கூப்பிடலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். கோயிலில் இதைக் கேள்விப்பட்டு நான் கெசெலிடம் சொன்னேன். தூக்குவதற்கு ஆள் தேவைப்பட்ட நேரம். எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் வளவைச் சுற்றிக் காட்டினேன். தேயிலைத் தொட்டிக்கு முன் வந்ததும் செல்வராஜ் நின்றுவிட்டார். அது அவர் தலைக்கு மேலே வளர்ந்து, வெள்ளைப் பூக்களோடு நின்றது.

"என்னாக்கா இது?"

"தேயிலை. துரை கொண்டு வந்தது."

"தேயிலையா? இது மரமுங்க்கா!" என்று வாயைப் பொத்திச் சிரித்தார். "கைவிட்ட மலையிலதான் இப்புடி நிக்கும். பூவெல்லாம் வேற பூத்துருக்கு. எங்க கங்காணி பார்த்தா, 'ஏன்டா, கொழுந்து கேட்டா மாலை கட்டப் பூக் குடுக்குறீங்களா'ன்னு கேப்பாரு."

"சத்தம் போடாதையுங்கோ தம்பி. இதுக்குப் பக்கத்திலை நிண்டுதான் துரையின்ரை குடும்பம் வருசா வருசம் படம் எடுக்கிறது."

"பெரிய துரை வீட்டுச் செடிக்கே கவ்வாத்து இல்லையா? பாவம்க்கா."

பாவம் என்று அவர் சொன்னது செடியைத்தான்.

அந்த வருடம் ஒக்டோபரில் கெசெல் விடுமுறையில் போனார். போகும்போது எங்கள் இருவரிடமும், "தொட்டிகளை எல்லாம் வழமைபோல வெட்டி, கழுவி, உள்ளே வைப்போம்" என்றார். ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு முழங்காலுக்கு வைத்தியரிடம் போக வேண்டியிருந்தது. செல்வராஜ் தனியாக வேலை செய்தார்.

திங்கட்கிழமை வந்தபோது தேயிலைத் தொட்டியில் முழங்கால் உயரத்துக்குக் கிளைகள் மட்டும் நின்றன. ஓர் இலை இல்லை. ஒவ்வொரு வெட்டும் சரிவாக, பிசிறில்லாமல், ஒரே மட்டத்தில் இருந்தது. வெட்டிய இடங்களில் வெயில் படாதபடி, விழுந்த கிளைகளையே மேலே பரப்பியிருந்தார். தொட்டிக்குள் ஒரு கூழாங்கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தது. தொட்டி விளிம்பில் கற்பூரம் எரிந்த கறுப்பு.

"தம்பி, என்ன வேலை செய்தனீங்கள்!"

அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "நல்லா வந்துருக்குல்ல? உள்ள பாதிக் குச்சி செத்துக் கெடந்துச்சுக்கா. பூச்சி வேற. கவ்வாத்துச்சாமிக்குச் சூடம் காட்டிட்டுத்தான் கத்தி வச்சேன். இனி பாருங்க, எப்புடித் தளிர்க்குதுன்னு."

"ஆர் வெட்டச் சொன்னது?"

"கெசெல் ஐயாதானே தொட்டியெல்லாம் வெட்டச் சொன்னாரு?"

என் முகத்தைப் பார்த்துத்தான் அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது.

இரண்டொரு நாளில் அறக்கட்டளைத் தலைவரான கொள்ளுப்பேரன் வந்தார். பொலிசுக்குப் போவேன் என்றார். அவரோடு வந்தவர் ஃபிராவ் டொக்டர் லிண்ட். வில்லாவுக்குப் புதுக் கண்காட்சி அமைக்க நியமிக்கப்பட்டிருந்த இளம் பெண். துரையைப் புகழ்ந்து மட்டும் சொல்லும் பழைய கதையை மாற்ற வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவருடைய எண்ணத்தில் எனக்குக் குறை இல்லை. அவர் தொட்டியைச் சுற்றி வந்து, வெட்டுகளையும் மஞ்சள் கல்லையும் கற்பூரக் கறுப்பையும் படம் எடுத்தார். அவருடைய கண்கள் பளபளத்தன.

விசாரணைக் கூட்டத்துக்கு முன் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவருடைய பெற்றோரும் தோட்டத் தொழிலாளர்களா?"

"ஓம். அவர்களுக்கு முன்னிருந்தவர்களும்."

"அப்படியென்றால் இது தற்செயல் அல்ல. தோட்டத் துரையின் செடியைத் தொழிலாளியின் பேரன் வெட்டுகிறான், சடங்கு செய்து வெட்டுகிறான். இது ஓர் எதிர்ப்பு. அவர் அதைத் தன் வாயால் சொன்னால், நான் அவர் பக்கம் நிற்பேன். பத்திரிகை நிற்கும். அவரை வேலையிலிருந்து நீக்கத் தலைவருக்குத் துணிவு வராது. கவனக்குறைவு என்று சொன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு இதை விளங்கப்படுத்துங்கள்."

செல்வராஜுக்கு அந்தளவு ஜெர்மன் தெரியாது. கூட்டத்தில் மொழிபெயர்க்கப் போவதும் நான்தான். கருவி அறையில் அவரை இருத்தி, அந்தப் பெண் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் என்ன சொல்லணும்?"

"கோபத்திலை வெட்டினன் எண்டு. உங்கடை ஆக்களைக் கொடுமைப்படுத்தின துரையின்ரை செடி எண்டதாலை வெட்டினன் எண்டு."

"கொடுமைப்படுத்துனாருதான். அது உண்மைதானே."

"அப்ப சொல்லுங்கோவன் தம்பி. ஒரு சொல்லுத்தானே. மகளை நினைச்சுப் பாருங்கோ."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "துரைமேல கோவம் இருக்குக்கா. செடிமேல எனக்கு என்ன கோவம்?" என்றார். "கோவத்துல வெட்டுறவன் இப்புடியா வெட்டுவான்? போய் அந்த வெட்டைப் பாருங்க. ஒரு பட்டை பிஞ்சிருக்கா?"

"அவைக்கு அது விளங்காது."

"விளங்கலைன்னா போகட்டும். நான் செடிய நாசம் பண்ணத்தான் வெட்டுனேன்னு எம் வாயாலயே சொல்லச் சொல்றீங்களா?"

மேற்கொண்டு நான் வற்புறுத்தவில்லை.

கூட்டம் துரையின் சாப்பாட்டு அறையில் நடந்தது. நீளமான மேசை. தலைவர், டொக்டர் லிண்ட், விடுமுறை முடிந்து வந்த கெசெல், நாங்கள் இருவர். சுவரில் துரையின் எண்ணெய்ப் படம். அந்த அறையில் நான் எத்தனையோ தடவை தரை துடைத்திருக்கிறேன். கதிரையில் உட்கார்ந்தது அன்றுதான்.

தலைவர், ஏன் வெட்டினீர் என்று கேட்டார். செல்வராஜ் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஜெர்மனில் சொன்னேன். செடிக்கு வயதாகிவிட்டது, உள்ளே கிளைகள் செத்திருந்தன, வெட்டினால் தளிர்க்கும் என்பதால் வெட்டினேன், மேலாளர் தொட்டிகளை வெட்டச் சொல்லியிருந்தார்.

டொக்டர் லிண்ட் என்னைப் பார்த்தார், நான் ஏதோ விட்டுவிட்டேன் என்பதுபோல. "அந்தச் சடங்கு எதற்கு?" என்று கேட்டார்.

"எந்தச் செடிய வெட்டுனாலும் சாமி கும்பிட்டுத்தான் வெட்டுவோம். கை வெட்டுப்படாம இருக்க" என்றார் செல்வராஜ். அதையும் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தலைவர் கெசெலின் பக்கம் திரும்பினார். "நீங்கள் வெட்டச் சொன்னீர்களா?"

கெசெல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, வழமையான மெல்லிய குரலில் சொன்னார். "நாங்கள் தேயிலையை வெட்டுவதில்லை."

"அதை இவரிடம் சொன்னீர்களா?"

"சொல்லத் தேவைப்படும் என்று நாங்கள் நினைக்கவில்லை."

அன்று அந்த "நாங்கள்" என்ற சொல்லுக்குள் நான் இருக்கவில்லை, செல்வராஜும் இருக்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் கேட்கப்படாமல் பேசிய ஒரே தடவையாக, "தொட்டிகள் எல்லாம் என்றுதான் சொன்னீர்கள். நானும் பக்கத்தில் நின்றேன்" என்றேன். "நீங்கள் மொழிபெயர்க்க மட்டும் வந்திருக்கிறீர்கள்" என்றார் தலைவர். கெசெல் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

செல்வராஜை அந்த வாரமே நிறுத்தினார்கள். பொலிசுக்குப் போகவில்லை. அதைப் பெரிய இரக்கமாகச் சொன்னார்கள். குளிர்காலத்தில் வேறு வேலை தேடி டோர்ட்மண்ட் வரைக்கும் அலைந்தார். கிடைத்தது ஒரு உணவகத்தில் தட்டுக் கழுவும் வேலை, அதுவும் தொடரவில்லை. டுல்டுங்கை நீட்ட மறுத்தார்கள். கோயில் மடைப்பள்ளியில் எங்கள் ஆட்களில் ஒருவர் எல்லோருக்கும் கேட்க, "தோட்டக்காட்டானுக்கு வேறை என்ன தெரியும்? கண்டதை வெட்டத்தான் தெரியும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்னதானச் சாதமும் சாம்பாரும் வழமைபோல வாளிகளில் நகர்ந்தன. வசந்தம் வருவதற்குள் அவர் ஊருக்குப் போய்விட்டார்.

செடி என்ன ஆனது என்றால், செத்துப்போனது. எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. செல்வராஜ் சொன்னது அந்த மலைக்குச் சரி. இங்கே ஒக்டோபருக்குப் பிறகு வெயில் எங்கே இருக்கிறது? பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் சூடான பனைவீட்டில் வைத்து, பிளாஸ்டிக்கால் மூடச் சொன்னார். நடுக்குளிர்காலத்தில் இரண்டு கணுக்களில் ஊசி முனை அளவுக்குப் பச்சை தெரிந்தது. நான் தினமும் போய்ப் பார்த்தேன். பிறகு அவை கறுத்தன. செல்வராஜ் வெட்டியதால் செத்ததா, இவர்கள் மூடியதால் செத்ததா, எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நல்லெண்ணம்தான். ஒருவருக்குத்தான் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது.

ஆசிரியை என்னைக் கேட்ட பிறகு, கைத்தடியோடு நானே புதுக் கண்காட்சியைப் பார்க்கப் போனேன். துரையின் கதை இப்போது மாறியிருக்கிறது. தொழிலாளர்களை அடித்ததும், அடைத்ததும், கடனில் கட்டிப்போட்டதும் எல்லாம் சுவரில் இருக்கின்றன. அவ்வளவும் உண்மை, அதை எழுதியதற்கு டொக்டர் லிண்டைப் பாராட்டத்தான் வேண்டும். கடைசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், அந்தக் காய்ந்த கட்டை தொட்டியோடு நிற்கிறது. கற்பூரக் கறுப்பையும் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் வழிவந்த ஒருவர் காலனியத்தின் நினைவுச் சின்னத்தைத் தன் கையால் வெட்டி எதிர்ப்புக் காட்டினார் என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலையைப் பறித்த அதே அறக்கட்டளையின் பெயர் அடியில் இருந்தது.

அங்கே நின்ற வழிகாட்டியிடம், "இது அப்படி நடக்கவில்லை" என்றேன். அந்த இளைஞர் மரியாதையாகக் கேட்டார். "நீங்கள் அப்போது இங்கே வேலை செய்தீர்களா? மிகவும் சுவாரசியம்" என்றார். பிறகு அடுத்த குழு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செல்வராஜுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது அவர் ஹட்டன் பக்கத்தில், தான் பிறந்து வளர்ந்த மாதிரியே ஒரு தோட்டத்தில், கவ்வாத்துக்கு ஆள் கூப்பிடும்போது போகிறார். மகள் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். கட்டையைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். என்ன எழுதியிருக்கிறது என்றும் சொன்னேன்.

"எம் பேரு போட்டுருக்காங்களாக்கா?"

"இல்லைத் தம்பி. பேர் இல்லை."

"நல்லதுக்கா" என்றார், மூச்சை விட்டு. "கோவத்துல வெட்டி செடியக் கொன்னவன்னு எம் பேரப் போட்டுட்டா, நாளைக்கு எந்தத் தோட்டத்துல எங் கையில கத்தியக் குடுப்பாங்க?"